தாமதத் தோல் எதிர்வினை (நுண்ணுயிர்க்கொல்லி ஒவ்வாமை)

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தோலில் இட்டுச் சோதிக்கும்போது, பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து அந்த இடத்தில் எழும் சிவந்த தடிப்பே தாமதத் தோல் எதிர்வினை. பென்சிலின், அமொக்சிசிலின் போன்றவற்றில் துளியளவை முன்கைத் தோலுக்குள் ஏற்றி 15–20 நிமிடத்தில் பார்ப்பது உடனடி ஒவ்வாமையை மட்டுமே காட்டும். தாமத வகையை நடத்துவன டி கலங்கள் எனும் வெண்குருதிக் கலங்கள். கூம்ப்ஸ், கெல் இருவரும் 1963இல் வகுத்த ஒவ்வாமை வகைப் பட்டியலில் இது நான்காம் வகை. கலங்கள் திரண்டு வர நேரமாகும் என்பதால் ஊசி போட்ட இடத்தை 24, 48, 72 மணி நேரத்திலும் பார்க்க வேண்டும். கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. விரலால் தடவித் தடிப்பை உணர்வதே நல்லது.

மட்டக்களப்பில் சிக்கல் இந்த மறுபார்வையில்தான். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமுடையது. மண்டூர் போன்ற படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) ஊர்களிலிருந்து 'பாதை' எனும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து நகரிலுள்ள போதனா வைத்தியசாலைக்கு வருபவருக்கு, கையைக் காட்டுவதற்கென்றே இரண்டாம் முறை வருவது வேலைநாள் ஒன்றின் இழப்பு. அறுவடைக் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

ஊசிச் சோதனையில் மட்டுமல்ல, இப்பகுதியின் நோய்களுக்கு விழுங்கும் மருந்துகளாலும் இத்தகைய தாமத எதிர்வினை வரலாம். வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் இலங்கையில் 1927இலேயே பதிவானது, மட்டக்களப்பிலும் காணப்படுகிறது. அதற்கு ஊசி மருந்து முடிந்தபின் கோட்ரைமொக்சசோல் குளிசையை மூன்று மாதமாவது விழுங்க வேண்டும். இம்மருந்தால் ஏற்படும் தோல் தடிப்பு பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வரும். வாவித் தீவான மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்த இம்மாவட்டத்தில் இன்றும் புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகின்றனர். தொழுநோய்க்குத் தரும் டாப்சோனின் கடும் ஒவ்வாமையோ நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே தலைகாட்டும். எச்எல்ஏ-பி*13:01 மரபணு வகை உடையவர்களுக்கு அபாயம் அதிகம் என 2013இல் அறியப்பட்டது. இவ்விரு மருந்துகளுக்கும் தோல் சோதனை பெரிதாக உதவாது. அங்கே நோயாளியின் கண்ணும் நினைவுமே சோதனை.

வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல், காய்ச்சல் ஆகியவற்றோடு தடிப்பு வந்திருந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் போன்ற கடும் நோயாக இருக்கலாம். அத்தகையவருக்கு அதே மருந்தை ஊசியால் சோதிப்பதை வைத்தியர்கள் பொதுவாகத் தவிர்ப்பர்.

மறுபுறம், 'பென்சிலின் ஒத்துக்காது' என்று எழுதப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் முறையாகச் சோதித்தால் அதைத் தாங்கக்கூடியவர்களே. ஆகவே தடிப்பு வந்தால் மருந்தின் பெயர், தொடங்கிய நாள், தடிப்பு தோன்றிய நாள் மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தருமாறு கேட்டு வாங்குங்கள்.