ஜாக்சன் வரைபடம்

சிங்கப்பூர் நகரை எப்படி அமைக்க வேண்டும் என்று 1822-23இல் வகுத்த திட்டத்தின் படம். வரைந்தவர் வங்காளப் பீரங்கிப் படையின் இளம் லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன். 1828இல் லண்டனில் வெளியான ஜான் கிராஃபர்டின் சயாம், கொச்சின்சீனத் தூதுப் பயண நூலில் இது அச்சேறியது. அன்றைய சிங்கப்பூர் இப்படித்தான் இருந்தது என்று பலர் இதைக் காட்டுவதுண்டு, அது தவறு. இருந்த ஊரும் வேண்டிய ஊரும் ஒரே மையில் கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவதே இதைப் பார்ப்பவரின் முதல் வேலை.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1822 அக்டோபரில் அங்கே திரும்பியபோது, அரசுக்கென ஒதுக்கிய நிலத்தில் வீடுகளும் கிடங்குகளும் எழுந்திருந்தன. அனுமதித்தவர் ஊரை நிர்வகித்த ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவர். சினம் கொண்ட ராஃபிள்ஸ் நகரக் குழு ஒன்றை அமைத்து ஊரை இனவாரியாகப் பிரிக்கச் சொன்னார். சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையில் ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணால் சதுப்பைத் தூர்த்தார்கள். பின்னாளைய போட் கீ அப்படி உருவானதுதான்.

படத்தில் தெருக்கள் அளவுகோல் பிடித்ததுபோல் நேராக ஓடுகின்றன. ஐரோப்பியர் நகரம், சீனர் கம்போங் (குடியிருப்பு), அரபுக் கம்போங், புகிஸ் கம்போங் என்று தனித்தனிக் கட்டங்கள். ஆற்றின் மேல்பக்கம் தமிழ் முஸ்லிம்களையும் பிற தென்னிந்தியரையும் குறிக்கும் சூலியா கம்போங்.

அரசுக் குன்றின் அடிவாரத்தில் தாவரவியல் சோதனைத் தோட்டத்துக்கும் இடம் உண்டு. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியேல் வாலிச் 1822இல் சிங்கப்பூர் வந்திருந்தபோது பிறந்த யோசனை அது. 48 ஏக்கர் ஒதுக்கி, ஜாதிக்காய், கிராம்பு போன்ற பணப்பயிர்களை வளர்த்துப் பார்த்தார்கள். ராஃபிள்ஸ் போன பிறகு பணம் தர ஆளில்லை; 1829இல் தோட்டத்தை மூடிவிட்டார்கள். நகரின் நடுவே பெரிய தோட்டம் என்ற எண்ணம் ஏழே ஆண்டுகளில் முடிந்தது. இப்போது உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள தாவரவியல் தோட்டம் 1859இல் தாங்லினில் தொடங்கியது. அது வேறு நிலம், வேறு முயற்சி. பழைய குன்று இன்று ஃபோர்ட் கேனிங் பூங்கா. அங்கே சிறிய நறுமணப் பயிர்த் தோட்டம் ஒன்று பழையதை நினைவூட்டுகிறது.

திட்டங்கள் கைவிடப்பட்ட பின்னும் படம் பிழைத்ததற்குக் காரணம் அச்சு. செதுக்கி, நூலோடு பல பிரதிகளாகப் பரவியதால் ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று மிஞ்சியது. மலாயாவில், இன்று கேமரன் மலை எனப்படும் பகுதியில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1885இல் வில்லியம் கேமரன் பகாங் மலைகளை அளந்து, மேலே சமவெளி ஒன்று இருப்பதாகத் தெரிவித்தார். பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ அதை உடல்நலத் தங்குமிடமாக்க விரும்பினார். ஆனால் கேமரனின் வரைபடம் பின்வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925இல் மலையேறிய பிறகே வேலை சூடுபிடித்தது. சாலையும் தேயிலைத் தோட்டங்களும் அதன் பின் வந்தவை.

தமிழருக்கு ஜாக்சன் வரைபடம் வெறும் காகிதமாக இருக்கவில்லை. பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை, கோயிலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். தெலுக் ஆயர் தெருப் பக்கம் கொடுத்த இடத்தில் பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே கிடைத்த நிலம், புதிய திட்டத்தில் வேறு பயனுக்குப் போய்விட்டது. இன்னொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவர் விடவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் பெற்று, 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். அதே சாலையில் சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலை 1826இல் தொடங்கியிருந்தார்கள். இரண்டும் இன்று சைனாடவுனுக்குள் இருக்கின்றன. படத்தில் அந்தப் பக்கம் சீனருக்கு ஒதுக்கியது. சூலியா கம்போங் வரைந்த இடத்தில் தமிழர் குடியிருப்பு அவ்வாறு அமையவே இல்லை.