செப்புத் தகட்டில் ஒரு வானம்

ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது, நண்பகல் முதல் மூன்று மணி வரை நாடெங்கும் இருள் சூழ்ந்ததாக நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். அவ்விருளை டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் செப்புத் தகட்டில் ஊசியால் கீறினார். 'மூன்று சிலுவைகள்' எனும் அவ்வச்சோவியத்தின் முதற்படிகளில் வானத்தினின்று ஒளி வெள்ளமாய் இறங்குகிறது. பின்னர் அதே தகட்டைச் சுரண்டித் திருத்தி, கனத்த சாய்கோடுகளால் இருளைப் பொழியவிட்டார். கூட்டத்தில் பலர் அதனுள் மறைந்துபோயினர். மனித முகங்களில் எழுத வேண்டிய துயரை அங்கு வானம் ஏற்றுக்கொண்டது.

நம் வானத்தை இவ்வாறு தகட்டில் ஏற்றியவர்கள் உண்டா? ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-இல் மதராசிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை, சங்ககிரி, பாபநாசம் என வரைந்துகொண்டே தெற்கே சென்றனர். இலண்டன் திரும்பியபின், 1795 முதல் 1808 வரை 144 அச்சோவியங்களை 'ஓரியண்டல் சீனரி' என்ற வரிசையில் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறைக்கு அக்குவாடிண்ட் என்று பெயர். தகட்டின்மேல் பிசின் தூளைப் படியவைத்துச் சூடேற்றி, அமிலத்தில் இடுவர். நம் பனியன் அச்சுப் பட்டறைகளில் நிறம் படக்கூடாத இடத்தை ஸ்கிரீனில் அடைத்துவிடுகிறார்கள் அல்லவா? அதுபோலவே, வெளிறி நிற்க வேண்டிய பகுதியை வார்னிஷ் பூசி அடைத்து, எஞ்சியதை மீண்டும் அமிலத்தில் அமிழ்த்துவர். கோடே இல்லாமல் மேகம் திரளும், மூடுபனி படரும். வானத்திற்கென்றே பிறந்த முறை எனலாம்.

மலையும் மேகமும் கொந்தளிக்கும் கடலும் காண்போர் உள்ளத்தில் அச்சம் கலந்த வியப்பை எழுப்பும் என்பது அக்கால ஆங்கிலேயரின் கலைக்கொள்கை. 1797-இல் வெளியான மதராஸ் கோட்டைப் படத்தில் நுரைத்தெழும் அலைகளும் அவற்றோடு போராடும் தோணிகளும் அவ்வுணர்வையே தூண்டுகின்றன. அழகிய படந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது கரையிறங்கும் பயணியின் நெஞ்சம், தோணி வலித்தவனுடையதன்று.

அவர்கள் பயணம் செய்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திப்புவுடன் நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில்தான் முடிந்திருந்தது. சங்ககிரி கும்பினியார் வசமானது. காவிரிக்கு இப்பால், திருப்பூர் அடங்கிய கோவை நாடு 1799 வரை திப்புவிடமே இருந்தது. அதே 1791-92-இல் மழை பொய்த்துத் தக்காணம் மடிந்தது. புதைக்க ஆளின்றி எலும்புகள் வெளியே கிடந்தமையால் அதற்கு 'மண்டையோட்டுப் பஞ்சம்' என்றே பெயர். அந்த 144 தகடுகளுள் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டது ஒன்றுமில்லை.