வளையம் கோத்த கைகள்

ஐதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தையோ, டில்லித் தேசிய அருங்காட்சியகத்தையோ, ஜோத்பூர்க் கோட்டையையோ காணச் செல்லும் நம்மவர் படைக்கலக் கூடத்தில் சற்று நின்று நோக்கினால், இரும்பை நூலாக்கி நெய்தாற்போன்ற சட்டை ஒன்றைக் காணலாம். அருகிற் சென்று பார்த்தால் அதில் நூலும் இல்லை, நெசவும் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு வளையங்களே உள்ளன. ஒவ்வொரு வளையமும் தன்னைச் சூழ்ந்த நான்கு வளையங்களோடு பிணைந்து நிற்கிறது. இதனை வளையக் கவசம் என்பர். இக்காலத்தில் சிலர் ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தபடியே கோத்து அணியும் கைச்சங்கிலியிலும் கழுத்தணியிலும் இதே பின்னலைக் காண்கிறோம். போர்க்களத்தில் பிறந்த பின்னல் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும், அதனைக் கோத்த கைகளின் வரலாற்றையும் சிறிது ஆராய்வோம்.

முதலில் இதனைச் செய்யும் முறையை அறிதல் நலம். கம்பியை ஒரு கோலின்மேல் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்க வேண்டும். அச்சுருளை நெடுக அறுத்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரு வளையமாகப் பிரியும். பின்பு இரு குறடுகளைக் கையிற்கொண்டு வளையத்தின் வாயைத் திறந்து, மற்ற வளையங்களில் கோத்து மூட வேண்டும். வாயைப் பக்கவாட்டில் அகட்டி இழுத்தால் வட்டம் கெட்டுவிடும். ஆதலால் ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகியே திறப்பர். கம்பியின் கனத்துக்கும் வளையத்தின் உள்விட்டத்துக்கும் பொருத்தம் வேண்டும். 1 மில்லிமீட்டர்க் கம்பிக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் உள்விட்டம் இருந்தால் பின்னல் துணிபோல் மடியும். மிகக் குறைந்தால் விறைக்கும், மிகுந்தால் தொளதொளக்கும். இவற்றைக் கற்க ஒரு பிற்பகல் போதும். ஆனால் வளையம் ஒன்றுக்கு அரை நிமிடம் என்று கணக்கிட்டாலும், 1,000 வளையங்களுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கம்பியை வளைத்துச் சங்கிலியாக்கும் கலை மிகப் பழையது. மெசபொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பொற்சங்கிலிகள் கிடைத்துள்ளன. வளையங்களை விரிந்த பரப்பாகப் பிணைத்துக் கவசமாக்கும் வழக்கமோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவின் கெல்ட்டிய மக்களிடையே காணப்படுகிறது. ருமேனியாவில் சியுமெஷ்டி என்னுமிடத்தில் 1961-இல் வெளிப்பட்ட போர்வீரனின் புதைகுழியில் அத்தகைய கவசம் கிடைத்தது. உரோமானியர் அதனை மேற்கொண்டு தம் படைகளுக்கு அணிவித்தனர். முழு வளையங்கள் ஒரு வரிசை, முனைகளைச் சிற்றாணியால் இறுக்கிய வளையங்கள் மறு வரிசை என மாறி மாறி அமைப்பது அவர்கள் கையாண்ட முறை.

நம் நாட்டில் முகலாயர் காலத்தில் வளையங்களோடு இரும்புத் தகடுகளையும் இணைத்துக் கவசம் செய்தனர். யானைக்கும் அவ்வாறே கவசம் பூட்டினர். அத்தகைய யானைக் கவசம் ஒன்று இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து அரச படைக்கலக் காட்சிசாலையில் இன்றும் உள்ளது. அதன் சில பகுதிகள் இழந்துபோன பின்னும் எடை 118 கிலோகிராம். 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியேட்டா அதனைப் பெற்று, 1801-இல் கடல் கடந்து கொண்டு சென்றார். கவசத்தைக் கொண்டு சென்ற சீமாட்டியின் பெயர் ஏட்டில் நின்றது. வளையங்களைக் கோத்தவர்களில் ஒருவர் பெயரும் நிற்கவில்லை.

துப்பாக்கியின் வரவால் வளையக் கவசம் படைகளிலிருந்து மெல்ல மறைந்தது. ஆயினும் பின்னல் அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டுப் பெண்கள் வெள்ளி வளையங்களால் ஆன கைப்பையை விரும்பி ஏந்தலாயினர். அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தில் பிளெய்ன்வில் என்னும் சிற்றூர் இத்தொழிலில் புகழ் பெற்றது. 1876-இல் அங்கே தோன்றிய நகைத் தொழிலகம் ஒன்று, பின்னாளில் வைட்டிங் அண்டு டேவிஸ் என்னும் பெயரால் இவ்வகைப் பைகளுக்கே பேர்போனதாயிற்று. தொடக்கத்தில் அப்பைகளைக் கையாலேயே கோத்தனர். வளையங்கள் சுற்றுவட்டார வீடுகளுக்குச் சென்று, பின்னலாகத் திரும்பி வந்தன. 1909-இல் பிராட் என்பவர் பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பின்னரும் வீட்டு வேலை உடனே நின்றுவிடவில்லை.

இதற்குச் சான்று புகைப்படங்களே. தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அமெரிக்கா முழுவதும் சுற்றிப் படமெடுத்த லூயி ஹைன், 1912 நவம்பரில் ரோட் தீவு மாநிலத்துப் பிராவிடென்ஸ் நகரக் குடியிருப்புகளுக்குச் சென்றார். தாயும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து சங்கிலிப் பைகளுக்கு வேலை செய்யும் காட்சியை அவருடைய படங்களில் காண்கிறோம். அந்நகரத்து வீட்டு வேலையில் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் மிகுந்திருந்தன. கூலி உருப்படிக் கணக்கு. இடவாடகை, விளக்கு, கரி எல்லாம் குடும்பத்தின் செலவு. ஆலையில் மணி அடித்தால் வேலை நிற்கும். வீட்டில் மணி அடிப்பார் எவருமில்லை. மொழி புரியாத ஊரில், கைக்குழந்தையுடன் இருப்பவளுக்கு வாசற்படி தேடி வரும் வேலையே முதல் வேலை என்பதை, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1938-இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. வீட்டினுள் நடக்கும் வேலையில் அச்சட்டத்தை நிறைவேற்ற இயலாமையால், 1940-களின் தொடக்கத்தில் நகைத் தொழில் உள்ளிட்ட ஏழு தொழில்களில் வீட்டுக்கூலி வேலையையே பெரும்பாலும் தடுத்துவிட்டனர். குழந்தைகளின் கைகள் விடுபட்டன; ஆனால் வீட்டை விட்டு வெளியேற இயலாத பெண்களின் வருவாயும் உடன் போயிற்று. 1980-களில் அத்தடையின் பெரும்பகுதி தளர்த்தப்பட்டது.

இச்சிக்கல் நம் நாட்டுக்கும் உரியது. பெரோசாபாத்தில் கண்ணாடி வளையல்களின் முனைகளை விளக்குச் சுடரில் காட்டி இணைக்கும் வேலை வீடுகளில்தான் நடக்கிறது. ஆமதாபாத்தில் 1972-இல் எலா பட் தொடங்கிய சேவா சங்கம், வீட்டிலிருந்து உழைக்கும் பெண்ணும் தொழிலாளியே என்று வாதாடியது. அவ்வாதத்தின் பயனும் சேர்ந்து, 1996-இல் ஜெனிவாவில் வீட்டு வேலையாளர் உடன்படிக்கை நிறைவேறியது. வேலையைத் தடுப்பதன்று, மற்றக் கூலியாளருக்குள்ள உரிமைகளை வீட்டில் உழைப்பவருக்கும் வழங்குவதே அதன் கருத்து.

இன்று விருப்பத்தால் வளையம் கோப்பவருக்கும், 1912-இல் வாடகைக்காகக் கோத்தவருக்கும் கருவிகள் பெரிதும் ஒன்றே, பொறுமையும் ஒன்றே. எப்பொழுது குறட்டைக் கீழே வைக்கலாம், செய்த பொருளுக்கு விலை யாது என்பவற்றை முடிவு செய்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு. கையால் கோத்த அணி ஒன்றைக் கடைத்தெருவில் கண்டு விலை மிகுதி என்று நாம் தயங்கும்போது, அதிலுள்ள வளையங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக. 1,000 வளையங்களுக்கு 8 மணி நேரம் என்ற கணக்கு நமக்குத் தெரியும். அந்நேரத்துக்குரிய கூலி அதில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டறிவது, வாங்கும் நம் கடமையாகும்.