அழவைத்தவர் எழுதிய சிரிப்பு நூல்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்தவர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்). ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த அப்பெருந்தகை ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர், நாவன்மை மிக்க உபதேசியார். ஹிஜ்ரி 580இல் (1184) பக்தாது வந்த அந்தலுஸ் பயணி இப்னு ஜுபைர், அவருடைய சபையில் மக்கள் மறுமையை எண்ணிக் கதறி அழுததை நேரிற்கண்டு தம் பயண நூலில் வியந்து எழுதியுள்ளார். இவ்வாறு மக்களை அழவைத்த அதே பெருமகனார், மூடர்களையும் ஏமாளிகளையும் பற்றிய நகைச்சுவைச் செய்திகளைத் திரட்டி 'அக்பாருல் ஹம்கா வல் முகஃப்பலீன்' என்றொரு நூலும் யாத்துள்ளார். ஏன்?

விடையை அவரே முன்னுரையில் தருகிறார். பேதையரின் செய்தியைக் கேட்கும் அறிவுடையோன் தனக்கு வாய்த்த அருட்கொடையை உணர்ந்து நன்றி செலுத்துவான் என்பது முதற்காரணம். பேதைமைக்கு இட்டுச் செல்லும் வழிகளைக் கண்டு விலகிக்கொள்வான் என்பது இரண்டாவது. ஓயாத உழைப்பால் சலிப்புறும் உள்ளத்திற்குச் சிறிது இளைப்பாறுதல் வேண்டும் என்பது மூன்றாவது.

இம்மரபு அவரோடு தொடங்கியதன்று. பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து ஏறிச்செல்ல வாகனம் கேட்டார். ஒட்டகக் குட்டியைத் தருவதாக அவர்கள் கூறவே, குட்டியை வைத்து என்ன செய்வது என அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று நாயகம் அவர்கள் விளக்கியதாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. இதில் பொய் இல்லை. மனம் நோகும் சொல்லும் இல்லை. அதே அபூதாவூதில், உறங்கிய தோழர் ஒருவரின் கயிற்றை எடுத்து அவரைத் திடுக்கிடச் செய்தபோது, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என நாயகம் அவர்கள் தடுத்த செய்தியும் உள்ளது.

பஸராவின் பேரெழுத்தாளர் ஜாஹிள் (மறைவு ஹிஜ்ரி 255) உலோபிகளைப் பற்றி எழுதிய 'கிதாபுல் புகலா' வேறொரு பாங்குடையது. சில குராஸானியர் கூடிப் பணம் போட்டு விளக்கெண்ணெய் வாங்கினர். ஒருவர் மட்டும் பங்கு தர மறுத்தார். விளக்கு எரியும்வரை அவர் கண்களைத் துணியால் கட்டிவைத்தனர். விளக்கை அணைத்த பின்னரே அவிழ்த்துவிட்டனர்! படிப்பவர் சிரிப்பார், சிரித்தபின் தம் கைப்பையையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். உலோபம் எத்தகையது என்பதை நீண்ட உபதேசத்தினும் இச்சிறு கதை நன்கு உணர்த்திவிடுகிறது.

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், நகை பிறக்கும் நிலைக்களங்களுள் எள்ளலையும் சொன்னார், பேதைமையையும் சொன்னார். எள்ளல் ஒருவரைக் கீழே தள்ளுவது. ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைப் பரிகசிக்கலாகாது எனத் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் தடுப்பது அதனைத்தான். பேதைமையோ எல்லார்க்கும் பொது.

இதனை நான் ஏட்டில் கற்றதைவிடத் தவறிழைத்துக் கற்றதே மிகுதி. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு மாணவன் புள்ளியொன்றை இடம் மாற்றி வாசித்து அரபிச் சொல்லின் பொருளையே தலைகீழாக்கிவிட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாளும் அதனையே சொல்லிக்காட்டினேன். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் வாய்விட்டு வாசிக்கவே இல்லை.

பின்னாளில் இப்னுல் ஜவ்ஸீயின் நூலைப் பயின்றபோது நாணினேன். அதில் ஓதுவோர், ஹதீஸ் அறிவிப்பாளர், காழிகள், முஅத்தின்கள், ஆசிரியர்கள் என ஒவ்வொரு பிரிவினரின் தடுமாற்றங்களுக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு. கற்றவரான அவர், கற்றோர் கூட்டத்தையும் நகைப்பிற்கு விலக்காக்கவில்லை. அவற்றுள் ஒன்றை அன்று சொல்லியிருந்தால் அம்மாணவனும் எங்களோடு சேர்ந்து சிரித்திருப்பான்.

ஜுஹாவைப் பற்றி எழுதுமிடத்தும் இமாம் நீதி தவறவில்லை. ஜுஹாவின் பேதைமைக் கதைகளைத் தொகுத்தவர், அவரிடம் கூர்மதியும் காணப்பட்டதென்றும், பகைவர் சிலர் அவர்மீது கதை கட்டியதாகச் சொல்லப்படுகிறதென்றும் குறித்துவைத்தார். சிரிக்கும்போதும் ஒரு மனிதரின் மானத்தைக் காக்கும் பேணுதல் இது! அந்த ஜுஹாவின் கதைகள் துருக்கிய நஸ்ருத்தீன் ஹோஜாவின் கதைகளோடு கலந்து, முல்லா கதைகளாக நம் தமிழ் வீடுகளுக்கும் வந்துவிட்டன. ஹோஜா கதை சொல்லும் மரபை, துருக்கி உள்ளிட்ட ஏழு நாடுகளின் பொதுச் சொத்தாக 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அவர் பெயரால் வழங்கும் கதை ஒன்று: பத்துக் கழுதைகளை ஓட்டிச் சென்றவர் ஒன்றின்மேல் ஏறி எண்ணினார், ஒன்பதே இருந்தன. இறங்கி எண்ணினார்; பத்தும் இருந்தன. ஏறினால் ஒன்று குறைகிறது, இறங்கினால் கூடுகிறது. நடந்தே போவதுதான் இலாபம் என்று முடிவு செய்தார்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்து ஓய்ந்தபின், பிறர் குறைகளை எண்ணும் நாம் எண்ண மறப்பது எதனை என்று கேட்டுப் பாருங்கள்.