முதுமையும் நினைவும்: யாழ்ப்பாணத்துப் புராணபடன மரபு

முதுமையில் உடல் தளர்வது இயற்கை. உடலோடு அறிவும் நினைவும் தளர்ந்தே தீருமோ என்பது வேறொரு வினா. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது.

புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் (1878–1958) தொல்காப்பியத்துக்கு வரைந்த உரைவிளக்கக் குறிப்புக்களோடு எழுத்ததிகாரம் 1937இல் வெளிவந்தது. அப்பணி தொடர்ந்து 1948இல் நிறைவெய்தியபோது அவருக்கு வயது எழுபது. ஈழகேசரி நா. பொன்னையா அந்நூல்களைப் பதிப்பித்தார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையின் கந்தபுராணத் தட்சகாண்ட உரை 1967இல் வெளிவந்தபோது அவரும் அறுபத்தைந்தைக் கடந்திருந்தார். இவர்தம் ஆற்றலைத் தனிமனிதப் பேறு என்று மட்டும் கொள்ளுதல் அமையாது. முதியோரின் அறிவை வேண்டி நின்ற சமூகமும் அதற்குக் காரணமாயிற்று.

அச்சமூகத்தின் பயிற்சிக்களம் புராணபடனம். கோயில்களிலே ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய கந்தபுராணம் நாள்தோறும் பகுதி பகுதியாக நடைபெறும். திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கப்படும். வாசிப்பவர்க்குக் கண்ணும் குரலும், பயன் சொல்பவர்க்கு நினைவும் சொல்வன்மையும், கேட்பவர்க்குச் செவியும் கருத்தும் தொழிற்படும். எழுத்தறியாத முதியவரும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுக் கதையையும் செய்யுளையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டார். பிழை நேர்ந்தவிடத்துத் திருத்துவோர் அச்சபையிலே இருந்தனர்.

இக்கால மருத்துவ ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. லான்செற் இதழின் அறிஞர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு ஏதுவாகும், மாற்றத்தக்க காரணிகள் 14 எனக் கூறிற்று. இளமையிற் கல்விக் குறைவு, கேள்விப்புலன் குறைவு, மனச்சோர்வு, சமூகத் தனிமை என்பன அவற்றுட் சில. அவை யாவும் நீங்கினால் நோயாளர் தொகையில் ஏறத்தாழ 45 வீதம் தவிர்க்கப்படலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இதனால் புராணபடனம் மறதிநோய்க்கு மருந்தென்று கொள்ளுதல் பிழையாகும். கல்வியும் கூட்டுறவும் மதிப்பும் ஒருங்கமைந்த இடம் அது என்பதே கருத்து.

எனினும் அம்மரபின் குறையை மறைத்தல் வரலாற்று நேர்மை ஆகாது. பயன் சொல்லும் ஆசனம் பெரும்பாலும் உயர்சாதி ஆடவர்க்கே உரியதாயிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில்வாயிலுக்கு வெளியே நின்றனர். 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டம் அதற்குச் சான்று. இளமையிற் பள்ளியும் முதுமையிற் சபையும் மறுக்கப்பட்டோர் இருமுறை இழந்தவராவர்.

பின்னர் வந்த போர் எல்லோரது சபைகளையும் சிதைத்தது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். பிள்ளைகள் பலர் கடல் கடந்து சென்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் உணவும் மருந்தும் வந்தன. உரையாடுதற்கு ஆள் வரவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் முதியோர் உரிமைகளைப் பேணுதற்கு வழி செய்தது. ஆயின், முதியவர் ஒருவரிடம் சென்று, தெரிந்ததைச் சொல்லுமாறு கேட்பதைச் சட்டம் செய்து தராது. அது வீடும் பள்ளியும் கோயிலும் வாசிகசாலையும் செய்யவேண்டிய தொண்டு. பழைய சபையின் பயனை, அதன் வேலிகளை அகற்றி, எல்லா முதியோர்க்கும் உரியதாக்குதல் இன்றைய தலைமுறையின் கடனாம்.