வெற்றுத் தாளும் ஆயிரம் மாடுகளும்



தஞ்சாவூரிலிருந்து நம் திருவையாற்றுக்கு வரும் சாலை ஏறக்குறைய 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்தே பேருந்து ஊருக்குள் நுழைகிறது. சென்ற மாதம் ஒரு மாலையில் தஞ்சையில் ஏறி அமர்ந்தவுடன் கைபேசியை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது திருவையாறு வந்துவிட்டது. ஐந்து ஆறுகளில் ஒன்றையும் நான் காணவில்லை. தண்ணீர் ஓடிற்றா, மணல் தெரிந்ததா என்று எவரேனும் கேட்டிருந்தால் விடை சொல்ல இயலாது நின்றிருப்பேன்.

ஆற்றை நான் பாராததால் ஆற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அதே நாட்களில் ஒரு மனிதரையும் பாராமல் இருந்துவிட்டேன். நம் சபையின் மூதாட்டி ஒருவர் பன்னிரண்டு நாட்களாகப் படுக்கையில் இருந்தார். நாள்தோறும் காலையில் அவர் மகனுடைய கைபேசிக்கு நான் வேத வசனம் அனுப்பினேன். கூப்பிய கைகளின் படம் ஒன்று தவறாமல் பதிலாக வந்தது. அதைக் கண்டு, அந்த வீட்டில் எல்லாரும் நலம் என்று எண்ணிக்கொண்டேன். செய்தி அறிந்து நான் சென்றபோது அந்தத் தாயார் ஒரு குறையும் சொல்லவில்லை. “உட்காருங்க ஐயா, வெயில்ல வந்திருக்கீங்க” என்று மட்டும் சொன்னார். கடிந்துகொண்டிருந்தால் என் மனம் இவ்வளவு குத்தப்பட்டிருக்காது.

அன்று முதல், இந்தத் தஞ்சை மண்ணில் ஊழியம் செய்த ஒருவருடைய வரலாறு என் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறது. கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயரை நம்மில் பலர் பெயரளவில் அறிவோம். 1726இல் ஜெர்மானிய மண்ணில் பிறந்த அவர், 1750ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்பதற்கு அவர் புத்தகங்களோடு மட்டும் அமர்ந்துவிடவில்லை. பள்ளியில் மிகச் சிறிய பிள்ளைகளோடு நாள்தோறும் உட்கார்ந்து, அவர்களுடைய மழலையோடு தம் மழலையையும் சேர்த்துப் பேசிப் பழகினார். நான்கு மாதங்களுக்குள் தமிழில் பிரசங்கம் செய்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குப் பலமுறை வந்து சென்று, 1778இல் தஞ்சையிலேயே தங்கினார். அரசரோடு மராத்தியிலும், பிறரோடு தமிழ், இந்துஸ்தானி, பாரசீகம், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளிலும் பேச வல்லவராயிருந்தார். எவரிடம் பேசினாரோ அவருடைய மொழியில் பேசுவதே அவர் வழக்கம்.

அந்தப் பழக்கத்தின் பலன் பஞ்சகாலத்தில் வெளிப்பட்டது. 1780இல் ஐதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் மூண்டது. 1781இல் ஐதரின் குதிரைப்படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. காவிரியால் செழித்த நாடு பாழாயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் படைவீரரும் அடைக்கலம் தேடி வந்த மக்களும் பசியால் வாடினர். காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன என்று சுவார்ட்ஸ் ஐயர் 1794இல் எழுதிய ஒரு கடிதத்தில் நினைவுகூர்கிறார்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. நாட்டுப்புறத்தில் தானியம் இல்லாமல் போகவில்லை. அதைக் கோட்டைக்குக் கொண்டுவரும் மாடுகளே இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்களோ அரசாங்கம் அழைத்தும் வரவில்லை. முன்பு அவர்கள் நெல் கொண்டுவந்தபோது, அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தை இடையிலிருந்த துபாஷிகள் விழுங்கியிருந்தனர். அரசரின் ஆணையும் கம்பெனியின் வாக்குறுதியும் அவர்கள் காதில் ஏறவில்லை. ஆகவே, உடன்படிக்கையைத் தாமே எழுதிக்கொள்ளும்படி ஒரு வெற்றுத் தாள் சுவார்ட்ஸ் ஐயரிடம் அனுப்பப்பட்டது. அரசும் படையும் தங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஒப்புக்கொண்டதற்கு அந்தத் தாளே சாட்சி.

அவர் நாலா திசைக்கும் கடிதங்கள் எழுதினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், எதிரியின் கையில் சிக்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து நாட்டுப்புறத்துக்குச் சென்றனர். குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்தபின் ஐயர் சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கூலி கொடுத்து, சிறிய வெகுமதியும் அளித்து அனுப்பினார்.

போர் ஓய்ந்த பின்பும் மக்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அதிகாரிகளின் கொடுமை தாளாமல் குடிகள் ஊரைவிட்டு ஓடினர். வயல்கள் உழுவாரின்றிக் கிடந்தன. நீதி செய்வேன் என்று அரசர் சொல்லியனுப்பியும் ஒருவரும் நம்பவில்லை. மீண்டும் சுவார்ட்ஸ் ஐயர் எழுதினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர். வழக்கமாக ஜூன் மாதத்தில் தொடங்கவேண்டிய உழவு அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தொடங்கியது. ஆயினும் அறுவடை முந்திய ஆண்டைக் காட்டிலும் மிகுந்திருந்தது என்று அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பருவம் தப்பிய நடவு எத்தகைய கவலை என்பதைத் தஞ்சை விவசாயிகளாகிய உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பிரியமானவர்களே, சுவார்ட்ஸ் ஐயர் அனுப்பியதும் செய்திதான். அவரும் தாளில்தான் எழுதினார். அந்தக் காலத்துக்கு ஏற்ற கருவியை அவர் பயன்படுத்தினார்; நம் காலத்துக்குக் கைபேசி இருக்கிறது. ஆகையால் கருவியைச் சபிப்பது என் நோக்கமன்று. நெல் மூட்டைகளோடு மாடுகள் வந்தது எழுத்தின் வலிமையால் அல்ல. அந்த எழுத்துக்குப் பின்னால் மக்கள் அறிந்த ஒரு முகம் இருந்ததால். முப்பது ஆண்டுகள் இந்த நாட்டாரிடையே வாழ்ந்து, அவர்கள் மொழியில் பேசி, சொன்ன சொல் தவறாமல் நடந்த முகம் அது. நான் அனுப்பிய வசனங்களுக்குப் பின்னால் அப்படியொரு முகம் அந்த மூதாட்டியின் வீட்டில் தெரிந்திருக்குமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வெற்றுத் தாளை நிரப்பி அனுப்புவது எளிது. அதைப் பெறுகிறவர் நம்மை நம்புவதற்கு நாம் முன்பே அவர் வாசலில் நின்றிருக்கவேண்டும்.

நம் கடவுளும் இந்த வழியையே தெரிந்துகொண்டார். தீர்க்கதரிசிகள் வழியாகப் பல காலம் பேசியவர், இறுதியில் தாமே மாம்சமாகி நம் நடுவே வந்து வாழ்ந்தார். எரிகோவில் பெருங்கூட்டத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தபோதும், வழியோரம் கூப்பிட்ட குருடனாகிய பர்திமேயுவுக்காக இயேசு நின்றார். அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டியவர்கள் அவரோடு நடந்தவர்களே என்பதை மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆண்டவரோடு நடந்துகொண்டே அருகிலிருப்பவரைக் காணாதிருக்க முடியும். ஊழியனாகிய எனக்கு இது எச்சரிப்பு.

1787இல் மரணத்தறுவாயில் இருந்த துளஜா மன்னர், தாம் சுவீகாரம் எடுத்த பாலகன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் விட்டார். 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐயர் காலமானார். அதே ஆண்டில் அரியணை ஏறிய சரபோஜி மன்னர், இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த ஆலயத்தில் இன்றும் அதைக் காணலாம். மரணப் படுக்கையில் ஐயர் கிடக்கிறார். அரசர் அருகில் நின்று அவர் கையைப் பற்றியிருக்கிறார். எத்தனையோ பெருஞ்செயல்கள் இருக்க, சரபோஜி கல்லில் வைக்க விரும்பியது அந்த ஒரு காட்சியை.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குச் செல்வோம். நாம் செய்தி மட்டும் அனுப்பிவரும் வீடாக அது இருக்கட்டும். உள்ளே நுழையுமுன் கைபேசியை அணைத்துப் பையில் வைப்போம். அவர்கள் பேசி முடிக்கும்வரை அமர்ந்திருப்போம். நான் அந்தத் தாயாரின் வீட்டுக்கு மீண்டும் செல்கிறேன். போகும் வழியில் காவிரியில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் செல்வேன். அவர் அதைக் கேட்பார்.

எங்களைத் தேடி வந்த ஆண்டவரே, அருகிலிருப்போரைக் காணும் கண்களையும், அவர்களுக்காக நிற்கும் கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.