சுள்ளி யாருக்குச் சொந்தம்?

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தால் நடுச்சுவரைக் காணோம். அடுத்த வீட்டு வேப்பமரம் அதன்மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டு கொல்லைகளும் ஒன்றாகியிருந்தன. மின்சாரம் இல்லை, போதாததற்குக் காஸும் தீர்ந்துவிட்டது. மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டலாம் என்று எண்ணி, ஏழு வயதுப் பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சுள்ளி பொறுக்கப் புறப்பட்டேன்.

கவுனை மடியாகப் பிடித்துக்கொண்டு அவளும் உற்சாகமாகத்தான் தொடங்கினாள். நாலு சுள்ளி எடுத்ததும் நின்றுவிட்டாள்.

"மரம் பாட்டியோடதுதானே தாத்தா? சொல்லாம எடுத்தா திருட்டு இல்லையா?"

சிரிக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்கு ராஜாக்களும் சட்டசபைகளும் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் நார்மன் அரசர்கள், வேட்டை இன்பத்துக்காக நாட்டில் பரந்த நிலப்பரப்பை 'அரச வனம்' ஆக்கிக்கொண்டார்கள். அந்தப் பிடியைத் தளர்த்தி 1217 நவம்பர் 6ஆம் தேதி வனப் பட்டயம் வெளியாயிற்று. அப்போது ராஜாவாக இருந்த மூன்றாம் ஹென்றிக்கு வயது 10. சொந்த முத்திரைகூடக் கிடையாது. ராஜ்யப் பொறுப்பை வகித்த வில்லியம் மார்ஷலும் போப்பின் தூதரும்தான் தங்கள் முத்திரைகளைப் பதித்தார்கள். மானைக் கொன்றதற்காக இனி எவனும் உயிரையோ அங்கத்தையோ இழக்கக் கூடாது என்றது பட்டயம். அதே ஆண்டு மாக்னா கார்ட்டாவைத் திருத்தி வெளியிட்டபோது, கணவனை இழந்தவளுக்குப் பொது நிலத்திலிருந்து நியாயமான 'எஸ்டோவர்' உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அடுப்புக்கும் வேலிக்கும் வேண்டிய மரத்தை எடுத்துக்கொள்ளும் பாத்தியதைக்கு அந்தப் பெயர் வழங்கியது. ஒரு விதவையின் அடுப்பு சாசனத்தில் இடம் பெற்றுவிட்டது.

அறுநூறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் ரைன் மாகாணச் சபை நேர்மாறாக யோசித்தது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும், பச்சை மரத்தை வெட்டிக் கடத்துவதும் ஒன்றுதான், இரண்டும் திருட்டுதான் என்றது. 1842இல் கொலோன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் 24 வயது வாலிபர் ஒருவர் இதைக் கண்டித்துத் தொடர் கட்டுரை எழுதினார். மரமே கைவிட்ட சுள்ளி எப்படி மரத்துக்காரனின் உடைமையாகும் என்பது அவர் வாதம். ஏழைக் குழந்தைகள் காட்டுப் பழம் பறிப்பதையும் தடுக்கிறார்களே என்று அங்கலாய்த்தார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரத்தின் பக்கம் தம்மை முதலில் திருப்பியவற்றுள் இந்த விறகு விவகாரமும் ஒன்று என்று பின்னாளில் அவரே எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், 1864இல் இந்தியாவில் வன இலாகா ஏற்பட்டபோது அதன் தலைவராக வந்த பிராண்டிஸ் என்பவரும் அதே ரைன் மாகாணத்து பான் நகரில் பிறந்தவர்தாம். 1878இல் காடுகளைச் சர்க்கார் வசமாக்கும் சட்டம் பிறந்தது. சென்னை அரசாங்கம் உடனே தலையாட்டிவிடவில்லை. கிராமத்தாருக்குக் காட்டில் நெடுங்கால அநுபோகம் உண்டு என்று வாதாடியது. ஆனாலும் 1882இல் சென்னைக்கும் தனியாக ஒரு வனச் சட்டம் வந்தே தீர்ந்தது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. அதற்கு முன்பே அம்மாவோடு கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. 1957இல் எனக்கும் ஏழு வயது. ஊருக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பில் அம்மா மிளாறு பொறுக்குவாள். நான் சருகு அள்ளுவேன். ஒருநாள் காவற்காரன் வந்து சுமையைப் பிடுங்கிக்கொண்டான். அரிவாளையும் பிடுங்கிக்கொண்டான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு பழைய முறத்தை உடைத்து உலை வைத்தாள்.

'நாம் திருடர்களா அம்மா?' என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் என்ன பதில் வைத்திருந்தாளோ, அவளோடு போய்விட்டது.

என் பேத்தி கேட்டுவிட்டாள். ஆகவே சுள்ளிகளைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த சுவரைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் முறையாகக் கேட்டோம். எண்பதைத் தாண்டியவர்; தனியாக இருப்பவர்.

"இதைப் போய்க் கேக்கணுமா தம்பி? காய்ஞ்சதாப் பாத்து எடுத்துக்குங்க. வெந்நீர் போட்டா எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தனுப்புங்க."

ஈரம் உலர இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் புகையோடு போராடி வெந்நீர் வைத்தோம். முதல் சொம்பைத் துணியில் சுற்றி, செங்கல் குவியலுக்கு நடுவே நான் தூக்கிப் போக, பேத்தி முன்னால் வழி காட்டினாள். நான் முதலில் திரும்பிவிட்டேன். சற்றுப் பொறுத்து அவள் வந்தாள். மடியில் இன்னும் நாலு சுள்ளி.

"கேட்டியா?" என்றேன்.

"நான் கேக்கலே. பாட்டியே கொடுத்தாங்க" என்றாள்.